சட்டத்தில் இல்லாத ஒரு சொல்

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு யார் பொருள் சொல்கிறார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஒரு சட்டப்பிரிவின் வரலாற்றைப் பார்ப்போம்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் தலித் அல்லது பழங்குடி ‘என்ற காரணத்தால்’ பிற சமூகத்தவர் செய்தால் ஆயுள் தண்டனை. சிக்கல் ‘என்ற காரணத்தால்’ என்பதில்தான்.

2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டனர். பண்டாரா நீதிமன்றம் 2008இல் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது; ஆறு பேருக்குத் தூக்கு. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தூக்கை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. நடந்தது பழிவாங்கல், சாதி காரணமல்ல என்பதே அதன் வாசிப்பு.

எதற்குப் பழி? அக்குடும்பத்துப் பெண், முந்தைய தாக்குதல் வழக்கொன்றில் ஆதிக்கச் சாதியினருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஒரு தலித் பெண் தங்களை அடையாளம் காட்டியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆத்திரத்திலிருந்து சாதியை எப்படிப் பிரித்தெடுப்பது? ‘சாதியா, பழியா’ என்று கேட்டபோதே, சட்டத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல் உள்ளே நுழைந்துவிட்டது.

2016 ஜனவரி 26 முதல் அந்தச் சொற்கள் மாறின. பாதிக்கப்பட்டவரின் சாதியை ‘அறிந்து’ செய்தாலே போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவரையோ குடும்பத்தையோ தெரிந்திருந்தால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதைச் சட்டத்தில் எழுத 26 ஆண்டுகள் ஆயின.

பழைய பிரிவின்கீழ் வந்த வழக்கொன்றில், சாதி மட்டுமே காரணமாக இருக்கத் தேவையில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பார்வையற்ற தலித் பெண் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. ஆனாலும் சாதியை நிறுவும் சாட்சியம் முன்வைக்கப்படவில்லை என்று, வன்கொடுமைச் சட்டத் தண்டனை நீக்கப்பட்டது. பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை மட்டும் நின்றது.

ஆகவே நீதிபதியின் வாசிப்பு மாறினால் மட்டும் போதாது. யார் எந்தத் தெரு, முன்பகை எங்கே தொடங்கியது, என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதெல்லாம் முதல் புகாரிலேயே பதிவாக வேண்டும். காவல் நிலையத்தில் விடுபடும் சாதியை நீதிமன்றம் தானாகத் தேடிப் போவதில்லை.