மால்தஸ் போட்ட அட்டவணை

இரண்டு சார்புகளை ஒப்பிடச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? அட்டவணை போடுவோம், வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைப்போம், மதிப்பெண் வாங்குவோம். அவ்வளவுதான். ஆனால் ஒருவர் போட்ட இப்படி ஒரு அட்டவணை ஏழைகளின் வயிற்றில் அடித்தது என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் தாமஸ் மால்தஸ். இங்கிலாந்துப் பாதிரியார். 1798-ல் வெளியிட்ட புத்தகத்தில், தடை எதுவும் இல்லாவிட்டால் மக்கள்தொகை 25 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், உணவோ ஒவ்வொரு 25 வருடத்திலும் ஒரே அளவுதான் கூடும் என்றார். அதாவது ஒன்று பெருக்குத் தொடர், மற்றது கூட்டுத் தொடர்.

தொடக்கம்: மக்கள் 1, உணவு 1
25 வருடம்: மக்கள் 2, உணவு 2
50 வருடம்: மக்கள் 4, உணவு 3
100 வருடம்: மக்கள் 16, உணவு 5
225 வருடம்: மக்கள் 512, உணவு 10

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டும் ஒன்றேதான்! வரைந்து பார்த்தால் உணவு நேர்கோடு, மக்கள்தொகை மேலே பாயும் வளைகோடு. 50-க்குப் பிறகுதான் இடைவெளி பயமுறுத்துகிறது.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 25 வருடம் என்பது அமெரிக்காவில் கண்ட வேகம். அங்கே நிலம் தாராளம். உணவுக் கணக்கோ யாரும் அளந்ததல்ல, இதற்குமேல் விளையாது என்ற ஊகம். ஒரு ஊரில் கண்டதையும் ஒரு ஊகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகத்துக்கே நீட்டிவிட்டார்.

ஏழைகளுக்கு உதவினால் மக்கள்தொகைதான் பெருகும் என்பது அவர் வாதம். 1834-ல் இங்கிலாந்தின் புதிய ஏழையர் சட்டம் இந்தச் சிந்தனையின் நிழலில்தான் வந்தது. உடலில் தெம்புள்ளவர்களுக்கு வீட்டில் இருந்தபடி உதவி கிடையாது, கடுமையான பணி இல்லங்களுக்குப் போ என்றது. நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1805 முதல் இறக்கும் வரை மால்தஸ் பாடம் நடத்தியது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில். இந்தியாவை ஆள வந்த பல அதிகாரிகள் அவர் மாணவர்கள்!

1838-ல் பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் வேறொரு சார்பைச் சொன்னார். முதலில் மால்தஸின் வளைகோடு போலவே ஏறும், பிறகு வேகம் குறைந்து மட்டமாகிவிடும். ஆரம்பத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம்.

1798-உடன் 225 கூட்டினால் 2023. மால்தஸ் உதாரணத்துக்கு எடுத்த உலக மக்கள்தொகை 100 கோடி. தடை இல்லாவிட்டால் அட்டவணைப்படி 51,200 கோடி ஆகியிருக்க வேண்டும். ஐ.நா. கணக்குப்படி 2022 நவம்பரில் தொட்டது 800 கோடி. அதாவது 8 மடங்கு, 512 அல்ல. 1960-களுக்குப் பிறகு உணவு உற்பத்தி மக்கள்தொகையைவிட வேகமாக ஏறியது.

மால்தஸின் பெருக்கலில் தப்பே இல்லை. தப்பு, அட்டவணையின் கடைசி வரி முதல் வரியைப் போலவே நிச்சயம் என்று நம்புவதில். அடுத்தமுறை யாராவது கோட்டை நீட்டிக் காட்டிப் பயமுறுத்தினால், முதலில் கேளுங்கள்: எந்தப் புள்ளி வரை அளந்தது, எங்கிருந்து ஊகம்?