ஆசிரியரை மறுத்த அளவீடு

கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்குவது எளிது, திரும்ப ஏறுவதுதான் கடினம். மூச்சு வாங்கும்; நெஞ்சு படபடக்கும். உழைக்கும் கால் தசைகள் ஆக்சிஜனை மிகுதியாகக் கேட்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் குருதிக்குள் எப்படி நுழைகிறது? அங்கிருந்து தசையை எப்படி அடைகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியவர், டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக்.

1874-இல் கிரெனா என்னும் ஊரில் கப்பல் கட்டுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்த குரோக், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1897-இல் பேராசிரியர் கிறிஸ்டியன் போரிடம் பணியாற்றத் தொடங்கினார். அணு அமைப்பை ஆராய்ந்த நீல்ஸ் போரின் தந்தை இவர்.

நுரையீரல் ஒரு சுரப்பியைப் போல ஆக்சிஜனைக் குருதிக்குள் செலுத்துகிறது. அழுத்தம் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கும் அதனால் செலுத்த முடியும் என்று போர் கருதினார். குரோக்குக்கு ஐயம் எழுந்தது. வாயு, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவதுதானே இயல்பு?

வாதம் செய்து பயனில்லை, அளக்க வேண்டும். அதற்கென நுண்ணிய கருவி ஒன்றை அமைத்தார். சிறு காற்றுக்குமிழி ஒன்றைக் குருதியோடு தொட்டிருக்கச் செய்து, இரண்டும் சமநிலை அடைந்த பின் குமிழியிலுள்ள ஆக்சிஜனை அளந்தார். மருத்துவரான மனைவி மேரியும் இப்பணியில் பங்கேற்றார். தமனிக் குருதியின் ஆக்சிஜன் அழுத்தம், நுரையீரல் காற்றில் உள்ளதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே, ஆக்சிஜன் நுழைவது வெறும் பரவலால்தான்! 1910-இல் ஏழு கட்டுரைகளில் இதை வெளியிட்டார். ஆசிரியரை மறுத்த அக்கட்டுரைகளிலேயே, அவருக்குத் தாம் பட்ட நன்றிக்கடனையும் எழுதினார்.

அடுத்தது தசை. விலங்குகளின் குருதியில் கறுப்பு மையைச் செலுத்தி, தசையில் மை புகுந்த தந்துகிகளை, அதாவது மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்களை, நுண்ணோக்கியில் எண்ணினார். ஓய்விலிருந்த தசையில் திறந்திருந்தவை சில; உழைத்த தசையிலோ பன்மடங்கு. தந்துகிகள் தேவைக்கேற்பத் திறந்து மூடுகின்றன என்றார். 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1949-இல் மறைந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் குருதி ஓடுகிறது, உழைக்கும்போது அதன் ஓட்டமே பெருகுகிறது என்று பின்வந்த ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். ஆசிரியரின் கூற்றை அளந்து பார்த்தவரின் கூற்றும் அளவுகோலுக்குத் தப்பவில்லை.

மாணவ நண்பர்களே, சொன்னவர் யார் என்று கேளுங்கள். அளந்தது எப்படி என்றும் மறவாமல் கேளுங்கள்.