பாம்புக்கடி முதலுதவி

நச்சுப்பாம்பு கடித்தவரை மருத்துவமனையில் சேர்க்கும்வரை, நஞ்சு பரவுவதைத் தாமதப்படுத்தவும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளவும் செய்யும் உதவி இது. நஞ்சை முறிக்கும் மருந்து நச்சுமுறி ஊசி ஒன்றுதான். அதை வீட்டில் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் முதலுதவியில் செய்ய வேண்டியவை கொஞ்சம். செய்யாமல் இருக்க வேண்டியவையே அதிகம்.

இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கால் நேர்கிறது. முதல் இரண்டின் நஞ்சு நரம்பைத் தாக்கும். இமை சரியும், நாக்கு குழறும், எச்சிலை விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத்தசை ஓய்ந்துவிடும். மற்ற இரு விரியன்களின் நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுப்பதால் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் பெரிதாக வீங்கும், சிறுநீரகமும் பழுதாகலாம்.

இவற்றில் ஆளை ஏமாற்றுவது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். பல் மிகச் சிறியது. வீக்கமோ வலியோ இல்லாமல் போகலாம், கடித்த தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பவருக்கு அஜீரணம் என்று கஷாயம் வைத்துக் கொடுப்பதில் மணிக்கணக்கு போய்விடும். தரையில் படுத்து எழுந்தவருக்கு வயிற்றுவலியோடு கண்ணிமையும் சரிந்தால், பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும் பாம்புக்கடி என்றே கொண்டு கிளம்ப வேண்டும்.

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, பயத்தைத் தணிக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழற்ற வராது. கடிபட்ட கை கால் அசையாதபடி, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஒரு பலகையோ குச்சியோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டலாம். தசை அசைந்தால் நஞ்சு வேகமாகப் பரவும் என்பதால் நடக்க விடக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நரம்பு நஞ்சில், மருத்துவமனை சேரும்வரை மூச்சைத் தாங்கிப் பிடித்தாலே பிழைக்க வழி உண்டு.

கடிவாய்க்கு மேலே கயிறு போட்டு இறுக்குவது பெரும் தீங்கு. ரத்த ஓட்டம் அடைபட்டுத் தசை அழுகலாம். விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது, தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் பரவிவிடும். மருத்துவர் முன்னால் அவிழ்ப்பதே சரி. ஆஸ்திரேலியாவில் கை கால் முழுக்கத் துணிச்சுருளால் அழுத்திச் சுற்றும் முறை உண்டு. அங்குள்ள பாம்புகளின் கடி பெரும்பாலும் கடிவாயைச் சிதைப்பதில்லை. கடிவாயைச் சிதைக்கும் விரியன் கடிக்கு அந்த முறையை இங்கே பரிந்துரைப்பதில்லை. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதிலும் பயனில்லை. ரத்தம் உறையாத நிலையில் கீறினால் கசிவு நிற்காது.

வேப்பிலை கசக்கிறதா என்று தின்னக் கொடுத்துப் பார்ப்பதும் மந்திரிப்பும் இன்றும் நடக்கின்றன. நஞ்சில்லாத பாம்புகளே அதிகம். நச்சுப்பாம்பும் சில சமயம் நஞ்சை இறக்காமல் கடிப்பதுண்டு. மந்திரத்தால் பிழைத்ததாகச் சொல்லப்படுபவர்களில் பலர் இந்த வகையினராகவே இருப்பார்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமில்லை. எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் கடி என்று ஊகிக்கலாம். நச்சுமுறி இரத்தநாளம் வழியாகச் செலுத்தப்படும். பாம்பு இறக்கும் நஞ்சின் அளவு ஆளைப் பொறுத்து மாறாது என்பதால் குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. உடலில் சுற்றும் நஞ்சை அது முறிக்கும், ஏற்பட்டுவிட்ட சேதத்தைச் சரிசெய்யாது. ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அட்ரினலினைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

இந்திய நச்சுமுறி மேற்சொன்ன நான்கு பாம்புகளுக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கூம்புமூக்கு விரியனுக்குப் பலிக்காது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இதைச் செய்கிறார்கள். அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை, மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது.