நாய்க்கு நட்ட கல்லும் நாயின் செவியில் ஓதிய மந்திரமும்

மறைந்தோர் நினைவைக் கல்லில் நிறுத்தும் வழக்கம் தமிழ் மண்ணில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியம் அவ்வழக்கத்தைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கும். ஆநிரை காத்து மடிந்த வீரனுக்கு எழுந்த கல் நடுகல் எனப்பெற்றது. உண்ணாநோன்பு நோற்று உடல் துறந்த சமண முனிவர்க்கு அமைந்த நினைவிடம் நிசீதிகை எனப்பெற்றது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை இன்றும் காணலாம். ஒன்று மறத்தின் நினைவு. மற்றொன்று தவத்தின் நினைவு.

மனிதர்க்கு எழுந்த இந்நினைவுகளோடு நாய்க்கும் நினைவு எடுத்த வரலாறு நம் நாட்டில் உண்டு. தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயையோ, யாரோ கைவிட்டுச் சென்ற குட்டியையோ எடுத்து வந்து வளர்க்கும் இல்லங்கள் இன்று நம் சமூகத்திலும் பெருகி வருகின்றன. அந்நாய் ஒருநாள் மறையும்போது அவ்வில்லங்களில் இரு வினாக்கள் எழுகின்றன. நாய்க்காகக் கண்ணீர் வடிப்பது மோகம் ஆகாதா? அதனை நினைவுகூர்வது அருக நெறிக்கு ஒக்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண, கல்வெட்டுகளும் காப்பியமும் ஒருசேரத் துணைபுரிகின்றன.

எடுத்தனூர்க் கல்

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்கள் மிகுந்த நிலம். அவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பாக 1972இல் வெளியிட்டது. அப்பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைக் கூட்டத்தைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு அக்கல் நடப்பெற்றது.

அக்கல்லின் சிறப்பு அதனோடு முடியவில்லை. வீரன் உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நாயின் பெயரை நாம் இன்று அறிவது இக்கல்லால்தான். அக்காலத்தில் வாழ்ந்த எத்தனையோ ஊர்த் தலைவர்களின் பெயர்கள் மறைந்துவிட்டன. கோவிவன் பெயர் நிலைத்துவிட்டது.

இக்கல் எழுந்த காலத்து மன்னனாகிய மகேந்திரவர்மன் முதலில் சமணனாய் இருந்து பின்னர்ச் சைவம் சார்ந்தவன் என்பது மரபு. அரசன் எந்நெறியைச் சார்ந்திருந்தாலும், எருமை மேய்க்கும் எளிய மக்கள் தம்மோடு நின்ற நாயை மறக்கவில்லை என்பதே இக்கல் தரும் செய்தி.

தக்கோலப் போரும் காளி என்னும் நாயும்

உத்திரமேரூர் என்றதும் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளே நினைவுக்கு வரும். அக்கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்று முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள், 949இல், அரக்கோணத்திற்கு அருகிலுள்ள தக்கோலத்தில் பெரும்போர் மூண்டது. பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே அப்போரில் மாண்டான். அவனை வீழ்த்தியவன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணைநின்ற மேலைக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அதன்பின் தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் கைக்குச் சென்றது. கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கும் அம்மன்னனின் பெயர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலும் இடம்பெற்றுள்ளது.

இப்போரின் ஒரு நினைவு, கருநாடகத்து மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. சக ஆண்டு 872ஐச் சார்ந்த அக்கல்வெட்டு தக்கோலப் போரை விரித்துரைத்து, உடன் ஒரு நாயின் கதையையும் சொல்கிறது. பூதுகனிடம் பணிபுரிந்த மணலேரன் என்னும் வீரனின் ஆற்றலை மெச்சிய மன்னன், வேண்டுவதைக் கேட்குமாறு கூறினான். ஊரும் பொன்னும் கேட்டிருக்கலாம். மணலேரனோ காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு பெரும் காட்டுப் பன்றியோடு பொருதது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலின் முன் அதற்குக் கல் நாட்டி, கல்லின் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் பொரும் சிற்பத்தோடு அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பூதுகன் சமணத்தை ஆதரித்த குடியில் வந்தவன். அவன் மைந்தன் மாரசிம்மன், அசிதசேன ஆசிரியர் முன்னிலையில் பங்காபுரத்தில் சல்லேகனை நோற்று உடல் துறந்தான். தந்தை வழங்கிய நாய்க்கு வேட்டையில் மாண்டதற்காக ஒரு கல்; மைந்தன் நோற்றதோ உண்ணாநோன்பு. நடுகல் மரபும் நிசீதிகை மரபும் ஒரே குடியின் இரு தலைமுறைகளை ஒட்டி நிற்பதை இங்குக் காண்கிறோம்.

கோவிவனும் காளியும் நினைவுகூரப்பட்டதற்குரிய காரணம் ஒன்றே. இரண்டும் தம்மை வளர்த்தவர்க்குப் பயன்பட்டன. கள்வரைத் தடுத்தது ஒன்று. வேட்டையில் வென்றது மற்றொன்று. அந்நன்றியைக் கல்லில் எழுதியது மனிதப் பண்பின் உயர்வே. ஆயினும் யாருக்கும் பயன்படாத நாயை யார் நினைப்பார்? இவ்வினாவுக்கு விடை சொல்வது நம் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணி.

சிந்தாமணி காட்டும் நாய்

குணமாலையார் இலம்பகத்தில் இராசமாபுரத்து மக்கள் வேனில் விழாவுக்குப் பொழிலுக்குச் செல்கின்றனர். அங்கே அந்தணர் தமக்கென வைத்த உணவில் ஒரு நாய் வாய்வைக்க, அவர்கள் சினந்து அதனை அடித்து நொறுக்குகின்றனர். ஊரார் விழாக் களிப்பில் மூழ்கியிருக்க, சீவகன் அந்நாயின் அருகே செல்கிறான். உயிர் பிழைக்க வழியில்லை என்பதை உணர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அம்மந்திரத்தைக் கேட்டவாறே உயிர்நீத்த நாய், சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறக்கிறது. வடமொழியில் வாதீபசிம்மர் இயற்றிய சத்திரசூடாமணியும் இந்நிகழ்ச்சியைக் கூறும்.

கோவிவனுக்கும் காளிக்கும் இருந்த பெயர் இந்நாய்க்கு இல்லை. காவல் காத்த பெருமையும் வேட்டையாடிய புகழும் இல்லை. சீவகன் அதனை வளர்த்தவனும் அல்லன். அதற்குக் கல் நடுவோரும் எவருமில்லை. இங்கு நினைவு மறுபக்கத்திலிருந்து எழுகிறது. இயக்கனாகிய சுதஞ்சணன் தன் முற்பிறப்பை உணர்ந்து, உடனே சீவகனிடம் வந்து நன்றி கூறி, இடர் வரும்போது தன்னை நினைக்குமாறு சொல்லிச் செல்கிறான். பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைக் கொல்லக் கொண்டுசெல்லும் வேளையில், சுதஞ்சணன் வந்து அவனை மீட்டுத் தன் மலைக்கு எடுத்துச் செல்கிறான்; மூன்று மந்திரங்களையும் அளிக்கிறான். மனிதன் நாயை நினைவுகூர்வது நடுகல்லின் கதை. நாய் மனிதனை நினைவுகூர்வது சிந்தாமணியின் கதை.

இதே அறம் பார்சுவநாதர் வரலாற்றிலும் அமைந்திருக்கிறது. கமடன் மூட்டிய தீயில் விறகினுள் கிடந்து வெந்த நாகங்கள், இளவரசர் பார்சுவரின் அருளால் தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறந்தன. நேமிநாதரோ, தம் திருமண விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டார். காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில், 1387-88இல் அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் ஓவியங்களில் நேமிநாதர் வரலாறும் இடம்பெற்றிருப்பதை நம் இல்லத்தார் பலரும் கண்டிருப்பர்.

நூல்கள் விதிக்கும் எல்லை

நாய் வளர்ப்பைப் பற்றி நம் ஆசாரியர்கள் விழிப்பாகவே பேசியுள்ளனர். பூனை முதலிய கொன்றுண்ணும் விலங்குகளைப் பேணுவதைக் கார்த்திகேயானுப்பிரேட்சை அநர்த்த தண்டத்துள் அடக்கும். கொலைக்குக் கருவியாகும் உயிரைப் பயனின்றிக் கைக்கொள்ளலாகாது என்பதே அதன் கருத்து. காளியைப் போல் வேட்டைக்கென்று நாய் வளர்ப்பதை இவ்விதி நேராகவே விலக்கும். அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கு நீரும் உணவும் மருந்தும் தந்து காப்பது இவ்விலக்கினுள் அடங்காது, அது ஜீவதயை.

தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்குரிய அதிசாரங்கள் ஐந்தைக் கூறும். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நாயை நாள் முழுதும் சங்கிலியில் பிணைப்பதும், அழகு கருதி வாலையும் செவியையும் வெட்டுவதும், முதுமையில் உணவின்றிப் புறக்கணிப்பதும் இவ்வைந்தனுள் அடங்கும் குற்றங்களே. நாய் இறந்தபின் வடிக்கும் கண்ணீரைவிட, அது வாழ்ந்த நாளில் இவ்வைந்தையும் விலக்கியதே மேலான அன்பு.

நாயைத் தாழ்ந்த பிறவி என்று இகழவும் இடமில்லை. அறத்தால் நாயும் தேவனாகும், பாவத்தால் தேவனும் நாயாகும் என்பது சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணர்த்தும் உண்மை. அந்நூலை அடியொற்றி எழுந்ததே நம் அருங்கலச்செப்பு. யசோதர காவியமோ இன்னும் ஆழமாகச் சுடும். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட வினையால் யசோதரன் மயிலாகவும், அவன் தாய் சந்திரமதி நாயாகவும் பிறக்கின்றனர். இருவரும் தம் அரண்மனைக்கே வந்து சேர, அங்கே நாய் மயிலைக் கவ்வுகிறது. யசோதரனின் மைந்தன் சூதாடும் பலகையால் அந்நாயை அடித்துக் கொல்கிறான். தன் பாட்டியைக் கொன்றதை அவன் அறியான். தெருநாயின்மேல் கல்லெறியும் கை, யாரை எறிகிறது என்று அறியாது என்பதே இக்காவியம் தரும் எச்சரிக்கை.

இக்காலத்து ஜீவதயை

தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே சென்னை மாநகராட்சியின் வழக்கமாய் இருந்த காலம் உண்டு. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தாரால் சென்னையில் தொடங்கப்பெற்ற இந்திய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதலே கருத்தடையும் தடுப்பூசியும் மாற்று வழி என வலியுறுத்தி வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலான முயற்சிக்குப் பின் 1996இல் சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்றது. 2001இல் நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுமைக்கும் வந்தன. கொல்லாமலே நாய்களின் தொகையைக் கட்டுப்படுத்தவும் வெறிநோயைத் தடுக்கவும் இயலும் என்னும் கருத்து இவ்வாறு சட்டமாயிற்று.

கல் நாட்டும் மரபும் அழியவில்லை. சிவகங்கை மாவட்டம் மானாமதுரைப் பகுதியில், தம் குடும்பத்தோடு வாழ்ந்து மறைந்த டாம் என்னும் நாய்க்குச் சிலை வைத்துக் கோயில் எழுப்பிய செய்தி 2022இல் நாளிதழ்களில் வந்தது. கோவிவன் கல் தொடங்கிய மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது.

சமண இல்லறத்தார்க்கு உகந்த நினைவு எது? அருகன் ஒருவனையன்றி வேறொன்றை வணங்காத நமக்கு நாய்க்குச் சிலை வைத்து வழிபடும் வழக்கம் பொருந்தாது. துயரமே மோகம் எனக் கடிந்து, இறந்த உயிரை இல்லாததுபோல் மறப்பதும் சீவகன் காட்டிய வழியாகாது. அவன் செய்தவை எளியவை, எவராலும் இயல்பவை. எல்லோரும் விலகி நின்றபோது அருகில் சென்றான். காக்க இயலாத நிலையிலும் விட்டகலவில்லை. இறுதி மூச்சின்போது அதன் செவியில் மந்திரம் ஓதினான்.

மாகறல், ஆர்ப்பாக்கம், உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் இதனை மேற்கொள்ளலாம். வளர்த்த நாய் உயிர் பிரியும் வேளையில் வீட்டார் அதன் அருகே அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதலாம். அதன் நினைவு நாளில் ஜினாலயத்தில் அருகனை வணங்கி, ஜீவதயைக்குக் கொடையளிக்கலாம். ஊர்த் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட உதவலாம். கோடையில் வாசலில் ஒரு தொட்டி நீர் வைக்கலாம். இறந்த நாயின் உயிர் இப்போது எப்பிறவியில், எவ்வாசலில் நிற்கிறதோ யாரறிவார்? தாகத்தோடு வந்து நிற்கும் அடுத்த உயிருக்கு ஊற்றும் நீரே, மறைந்த உயிருக்கு நாம் எடுக்கும் நினைவு.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!