வாடையிலிருந்து வளிமண்டலம் வரை: சைலேஜ் சேர்பொருள்களின் வரலாறு

பசுந்தீவனத்தைக் குழியிலிட்டு, காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைத்தால் கிடைப்பது சைலேஜ். நம் கால்நடைத் துறையினர் இதை ஊறுகாய்ப் புல் என்பார்கள். புளிப்பின்போது லாக்டிக் அமிலம் மட்டும் உண்டானால் கவலையில்லை, அது எளிதில் ஆவியாகாது. பியூட்டிரிக் அமிலமும் எத்தனாலும் எஸ்டர்களும்தான் தொல்லை தருபவை. இவற்றை அடக்க வந்த ஒவ்வொரு சேர்பொருளும் ஒன்றை ஒடுக்கும்போது மற்றொன்றுக்கு வழிவிட்டிருக்கிறது.

முதல் எதிரி பியூட்டிரிக் அமிலம். அதை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் நுண்ணுயிரிகளின் வித்துகள் தீவனத்திலிருந்து சாணம் வழியாகப் பாலில் கலந்துவிடும். அந்தப் பாலில் செய்த எமென்டால் பாலாடைக்கட்டி, முதிரும்போது வாயுவால் உப்பி வெடிக்கும். பின்லாந்தின் வாலியோ பால் கூட்டுறவு ஆய்வகத்தை நடத்திய அர்த்துரி விர்த்தனேனை இந்த ஆய்வில் இறக்கியதில் பால்பண்ணைத் தொழிலின் அக்கறைக்குப் பெரும் பங்குண்டு. 1920-களின் இறுதியில் அவர் ஹைட்ரோகுளோரிக், கந்தக அமிலங்களைப் புல்லில் ஊற்றி, பிஎச் அளவை 4-க்குக் கீழே இறக்கினார். க்ளாஸ்ட்ரிடியம் அடங்கியது. தன் பெயரின் முதலெழுத்துகளால் ஏஐவி என்று அழைக்கப்பட்ட இம்முறைக்காகவும் அவருக்கு 1945-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கையையும் இயந்திரத்தையும் அரித்த அந்த அமிலங்களின் இடத்தை 1960-களில் நார்டிக் நாடுகளில் ஃபார்மிக் அமிலம் பிடித்தது. பாக்டீரியாக்கள் ஒடுங்கின, ஆனால் ஈஸ்ட் அதைத் தாங்கிக்கொண்டது. புளிக்காமல் எஞ்சிய சர்க்கரையைத் தின்று எத்தனாலை உண்டாக்கியது.

1980-களில் சேர்பொருளாகப் பரவிய லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியா கணக்கில் குறையற்றது: 180 கிராம் குளுக்கோஸ் அப்படியே 180 கிராம் லாக்டிக் அமிலமாகும். ஈஸ்டின் கையில் அதே 180 கிராம், 92 கிராம் எத்தனாலாகி, மீதி 88 கிராம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஆனாலும் பிளான்டாரம் இட்ட தீவனம் பல சமயம் குழியைத் திறந்ததும் சூடேறிக் கெட்டது. காரணம் எளிது. ஈஸ்டின் உள்ளே நுழைந்து அதை முடக்குவது, அயனியாகப் பிரியாத அமிலமே. பிஎச் 4-இல் அசிட்டிக் அமிலத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அந்நிலையில் இருக்கும், லாக்டிக் அமிலத்தில் 42 விழுக்காடுதான். போதாததற்கு, காற்றுப் பட்டதும் சில ஈஸ்டுகள் லாக்டிக் அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும். தூய்மையான புளிப்பே பலவீனமாகிப்போனது.

1990-களில் கவனம் லாக்டோபேசில்லஸ் புக்னெரி மீது திரும்பியது. அது காற்றில்லாமலே லாக்டிக் அமிலத்தை அசிட்டிக் அமிலமாகவும் 1,2-புரோப்பேன்டையாலாகவும் மாற்றுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001-இல் விளக்கினர். ஈஸ்ட் அடங்கியது. ஆனால் அசிட்டிக் அமிலமும் ஆவியாகக்கூடியது. அந்த டையாலை வேறு பாக்டீரியாக்கள் புரோப்பனாலாக்கிவிடுவதும் உண்டு.

இத்தனை காலம் எத்தனால் பெரிதாகக் கண்ணில் படாததற்கு ஆய்வக அடுப்புக்கும் பங்குண்டு என்பேன். உலர்பொருளை அளக்கத் தீவனத்தைக் காயவைக்கும்போது எத்தனாலும் போய்விடும், அதன் எடை தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். இதைச் சரிசெய்யும் சூத்திரங்களை வைஸ்பாக்கும் கூலாவும் 1995-இல் வெளியிட்டனர். அதற்கு முந்தைய சேர்பொருள் சோதனைகளில், இப்படித் திருத்தப்படாத இழப்பு எண்களை அப்படியே ஒப்பிடுவது தவறு.

எதிர்பாராத திருப்பம் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தது. காற்றுமாசுக்குப் பேர்போன சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் காற்றுக் கட்டுப்பாட்டு வாரியம் 2006-இல் 4570 என்ற விதியால் பெரும் கால்நடைப் பண்ணைகளின் ஆவியுமிழ்வைக் கட்டுப்படுத்தியது. அங்கே ஓசோன் உருவாவதில் தீவன ஆவிகளுக்குக் கணிசமான பங்குண்டு என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவற்றில் முதன்மையானது எத்தனால். ஜெர்மனியிலோ எத்தில் அசிட்டேட், எத்தில் லாக்டேட் ஆகிய எஸ்டர்கள் ஆய்வுக்கு வந்தன. எத்தனாலும் அமிலமும் சேர்ந்தே இவை பிறப்பதால், எத்தனாலைக் குறைத்தால் இவையும் குறையும்.

ஆகவே இன்றைய இலக்கு ஈஸ்ட். உணவுப் பதப்படுத்தலில் பழகிய பொட்டாசியம் சார்பேட்டும் சோடியம் பென்சோயேட்டும் போதிய அளவில் இட்டால் எத்தனாலையும் எஸ்டர்களையும் குறைக்கின்றன. பாக்டீரியாவைப் போல் இவை பெருகாது என்பதால், குழி நிரப்பும்போதே தீவனம் முழுவதும் சீராகத் தெளித்தாக வேண்டும். டன் கணக்கில் அறுவடை நடக்கும் பண்ணையில் செலவு ஏறுவதும் அங்கேதான்.