கிறிஸ்துவின் பாதத்தடியில் ஒரு பெயர்: ஓத்தன் பேராலயக் கல்வெட்டு குறித்த மறுவாசிப்பு

பர்கண்டியின் ஓத்தன் நகரில் உள்ள புனித இலாசர் பேராலயத்தின் மேற்கு வாயிலில், பொதுத்தீர்வைச் சிற்பத்தின் நடுவே, ‘கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தார்’ என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவரை மத்தியகால ஐரோப்பாவின் மாபெரும் தனிச் சிற்பி என்றது ஓர் ஆய்வு மரபு. பின்னர் வந்த மற்றொன்று, இவர் சிற்பியே அல்லர், 956இல் இறந்த பர்கண்டிப் பிரபு கிஸ்லெபெர்த்தே என்றது. அவர் யார் என்று தேடிய இரு தரப்பும் அப்பெயர் நிற்கும் இடத்துக்குப் போதிய கவனம் தரவில்லை. கல்வெட்டைப் புரிந்துகொள்ள அந்த இடமே முதற்சான்று என்பது என் கருத்து.

சிற்பத்தின் அமைப்பைப் பார்ப்போம். அரைவட்டக் கற்பரப்பின் மையத்தில், மற்ற உருவங்களைவிடப் பன்மடங்கு பெரிய கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு வலப்புறம் மீட்கப்பட்டோர், இடப்புறம் ஆன்மாக்களை நிறுக்கும் தராசும் அலகைகளும். கீழே உத்தரக்கல்லில் இறந்தோர் எழுகின்றனர். வலப்பக்க வரிசையில் பயணப் பை சுமந்த திருப்பயணிகளைக் காணலாம்; இடப்பக்கத்தில் ஒரு பாவியின் தலையை இரு பேய்க்கரங்கள் பற்றுகின்றன. அரைவட்டத்துக்கும் உத்தரக்கல்லுக்கும் இடைப்பட்ட பட்டையில் இலத்தீன் செய்யுள்கள் ஓடுகின்றன. மீட்கப்பட்டோர் பக்கத்துச் செய்யுள் முடிவற்ற ஒளியை வாக்களிக்கிறது. எதிர்ப்பக்கத்தது அச்சுறுத்தி எச்சரிக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், கிறிஸ்துவின் பாதங்களுக்கு நேர்கீழே, யாப்புக்கு உட்படாத வெற்று உரைநடையாக அந்தப் பெயர் நிற்கிறது.

இங்கு வாக்குறுதிக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே வைக்கப்பட்ட பெயர், தீர்ப்பு இன்னும் வழங்கப்படாத ஒருவரின் பெயர். கிறிஸ்துவைச் சூழ்ந்த பாதாம் வடிவச் சட்டத்தின் விளிம்பில் மற்றொரு செய்யுள் உண்டு. அதில் கிறிஸ்துவே தன்மையில் பேசுகிறார்: அனைத்தையும் வகுப்பவரும் தகுதியுடையோர்க்கு முடிசூட்டுபவரும் தாம் ஒருவரே என்கிறார். அந்த ‘ஒருவரே’ என்ற கூற்றின் காலடியில், தன் பெருமையைப் பறைசாற்ற ஒருவர் பெயரைப் பொறித்தார் என்பதும், பேராலயக் குருக்கள் அதற்கு இசைந்தனர் என்பதும் ஏற்கத் தக்கவையாக இல்லை. தன் உழைப்பை நடுவரின் முன் வைத்து இரக்கம் கோரும் மன்றாட்டாகவே இதைக் கொள்ள வேண்டும்.

இவ்வாறு வாசித்தால் பிரபுவைப் பற்றிய கருதுகோள் வலுவிழக்கிறது. இலாசரின் திருப்பண்டங்களோடு பழைய ஆட்சியாளர் ஒருவரை இணைத்து நினைவுகூர விரும்பியிருந்தால், இத்தனை சொல்வளம் நிறைந்த வாயிலில் அவருக்கு ஒரு பட்டமும் தராமல் விட்டிருப்பார்களா? இதே ஆலயத்தில், 1766இல் அழிக்கப்பட்ட இலாசர் கல்லறையின் கல்வெட்டு நமக்குப் படிகளாகவேனும் கிடைத்திருக்கிறது. அது மார்த்தினுஸ் என்ற துறவியின் கல்வேலைத் திறனைப் பாராட்டுகிறது. அந்த வேலை எந்த ஆயரின் காலத்தில் நடந்தது என்பதையும் சொல்கிறது. ஓத்தனில் கைவினைஞரைப் பெயர் சொல்லி நினைப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. பெரியோரைக் குறிக்கும்போது அவர்களின் பதவியும் உடன்வந்தது. ஆகவே கிஸ்லெபெர்த்துஸ் இவ்வேலையைச் செய்தவர், அல்லது செய்வித்த பட்டறைத் தலைவர் என்பதே பொருந்தும்.

ஆனால் இம்முடிவு முதல் மரபுக்கு முழு வெற்றி தராது. 1766இல் பேராலயக் குருக்கள் இச்சிற்பத்தைச் சாந்து பூசி மறைத்தனர். பூச்சுக்கு மேல் துருத்திய கிறிஸ்துவின் தலை அப்போது உடைக்கப்பட்டது. 1837இல் பூச்சு அகற்றப்பட்டது. தலை மீண்டும் பொருத்தப்பட்டது 1948இல்தான். இந்த இடைவெளிக்குப் பின் கல்வெட்டை வாசித்தவர்கள், தனிமேதையான கலைஞனைத் தேடிக்கொண்டிருந்த நூற்றாண்டின் மனிதர்கள். அவர்களின் தேடலே பெயரை மேற்கு வாயிலிலிருந்து தூண்தலைச் சிற்பங்களுக்கும், வடவாயிலைச் சேர்ந்ததும் 1856இல் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து மீட்கப்பட்டதும் இன்று ரோலின் அருங்காட்சியகத்தில் இருப்பதுமான ஏவாள் சிற்பத்துக்கும் கொண்டுசென்றது. நடை ஒத்திருப்பதால் இவை கிஸ்லெபெர்த்துஸின் கைவேலை என்றனர். இவை அவருடையவை என்பதால் அவரது நடை இத்தகையது என்றனர். இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் சான்று ஒன்றுகூட முன்வைக்கப்படவில்லை. ஒரு கட்டடப் பணியில் பல கைகள் ஒரே நடையைக் கற்றுக்கொள்வது இயல்பு என்பதையும் மறக்கக் கூடாது.

மன்றாட்டு என்றால் ‘எனக்காக வேண்டுங்கள்’ என்ற சொல் எங்கே எனக் கேட்கலாம். பாதத்தடியில் விழுந்தவர் வேண்டுகோளை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பெயர் பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம் என்றும் ஒருவர் கருதக்கூடும். செய்யுள்களும் பெயரும் ஒரே பட்டையில் ஒரே திட்டத்தின் பகுதிகளாக அமைந்துள்ளமை இதை நிராகரிக்கப் போதும். மன்றாட்டு வாசிப்பு நேரடி ஆவணத்தில் அன்றி இடத்தின் தருக்கத்தில் ஊன்றியது என்பதை ஒப்புகிறேன். எனினும் போட்டி விளக்கங்களைவிட இது கல்லுக்கு நெருக்கமானது.

இனி வெளிவரும் பட்டியல்களில் கிஸ்லெபெர்த்துஸின் பெயரை மேற்கு வாயிலின் பொதுத்தீர்வைச் சிற்பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏவாளையும் தூண்தலைச் சிற்பங்களையும், வேறு சான்று கிடைக்கும்வரை, ‘ஓத்தன் பட்டறை’ என்றே குறிப்பிடுவது முறை.