வன்தட்டும் படியும்

கணிப்பொறியின் களஞ்சியமாகிய வன்தட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, முதன்முதலில் உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் ரெனால்ட் ஜான்சன். அவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாணவர் விடைகளைத் திருத்தும் பொறியொன்றைக் கண்டமையால் ஐ.பி.எம். நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. நெடுங்காலம் விடைத்தாள் திருத்திய எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

1952-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அவர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1956-இல் முதல் வன்தட்டு வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஏறத்தாழ ஒரு டன் எடை. கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்று அதில் அடங்குவதே அரிது.

சுழலும் தட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதக்கும் முனை காந்தக் குறிகளை எழுதுகிறது, படிக்கிறது. சுழலும் வன்தட்டுகளில் இவ்வடிப்படை இன்றும் மாறவில்லை. முனை தட்டில் உராயுமாயின் எழுதியவை அழியும். ஆகவே, வன்தட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும். ஒலியேதுமின்றித் தட்டு மட்டும் திரையில் தோன்றவில்லையெனின், முதலில் கேபிளையும் மின் இணைப்பையும் பாருங்கள். வலையமைப்பின் வழியே இயங்கும் தட்டாயின், கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று நோக்குங்கள். எரியாவிடில் வேறு கேபிளை மாற்றுங்கள். எளிய காரணத்தை முதலில் ஆராய்வதே முறை.

ஒரு தட்டுப் பழுதுற்றாலும் செய்தி அழியாதிருக்க வழியுண்டா? 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர், பல தட்டுகளை இணைத்துக் காக்கும் ‘ரெய்டு’ முறையை ஒரு கட்டுரையில் வகுத்துரைத்தனர். ஆயினும் நாம் கோப்பை அழித்தால், அம்முறை எல்லாத் தட்டுகளிலும் அதனை அழித்துவிடும்! தனியே ஒரு படி வேண்டும் என்பது இதனாலேயே.

படி இருப்பதாக எண்ணுவதும் போதாது. 1998-இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை உருவாக்கிவந்தபோது, நீக்கும் கட்டளையொன்று தவறான இடத்தில் இயங்கிப் படத்தின் கோப்புகளை அழித்தது. படியெடுக்கும் ஏற்பாடு சில வாரங்களாகச் சரிவர நடவாதிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. நல்வினைப் பயனாக, தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சஸ்மன் அம்மையார், குழந்தைப்பேற்றை ஒட்டி வீட்டிலிருந்து பணிபுரிந்தமையால், அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. அதனைப் போர்வையில் சுற்றிக் காரில் எடுத்துவந்தனர். இழந்தவற்றுள் பெரும்பகுதி மீண்டது.

மாணவர்களே, உங்கள் பாடக்குறிப்புகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் மற்றோர் இடத்தில் ஒரு படி வையுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும் அப்படியைத் திறந்து படித்துப் பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள்.